வயிற்றுப் பிள்ளையின் எடை: தோட்டப் பட்டணத்துக்குப் புதிதாக வந்த கர்ப்பிணிகளுக்கு

கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கோ அதைப் போன்ற வேறொரு தோட்டப் பட்டணத்துக்கோ புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் புதிது, மாமியார் வீடு புதிது, அரசாங்க கிளினிக் கடைத்தெருவுக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அதற்குள் நாள் தள்ளிப்போய்விடும். யாரிடம் என்ன கேட்பது என்று யோசித்தே நான்கைந்து மாதம் ஓடிவிடுகிறது. குழந்தையின் எடையைக் காப்பாற்ற நம் கையில் இருக்கும் வேலைகளில் பாதி அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

பிறந்த குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலகம் முழுவதும் வைத்திருக்கும் கணக்கு. 1.5 கிலோவுக்குக் கீழே என்றால் மிகக் குறைந்த எடை. இது இரண்டு வழியில் நேரும். 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்துவிடுவது ஒன்று. மாதம் நிறைந்தும் உள்ளே சரியாக வளராமல் போவது இன்னொன்று. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அப்படிப் பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும், பால் இழுத்துக் குடிக்கத் தெம்பு இருக்காது, கிருமித் தொற்று சீக்கிரம் பிடிக்கும். வளர்ந்து பெரியவர்களான பிறகு பிரஷர், இனிப்பு நீர் (நீரிழிவு), இதய நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல்.

"பிள்ளை சின்னதா இருந்தா பிரசவம் லேசா இருக்கும், கொஞ்சமா சாப்பிடு" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். உள்ளே வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு இடுப்பு வலியின் அழுத்தத்தைத் தாங்கச் சேமிப்பு இருக்காது. நடுவில் இதயத் துடிப்பு இறங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது.

நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

பிள்ளைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் முதல் வேலை, உங்கள் எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொள்வது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் 18.5க்குக் கீழே இருந்தால் உடம்பு மெலிவு. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் ஏறக்குறைய 44 கிலோவுக்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கில் வந்துவிடுவார். மெலிந்த உடம்போடு கர்ப்பத்தைத் தொடங்குவதுதான் எடை குறைந்த குழந்தைக்கான காரணங்களில் முக்கியமான ஒன்று. இரண்டு மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டு, கொஞ்சம் எடை ஏற்றிக்கொண்டு பிறகு கர்ப்பமானால் நல்லது.

ஃபோலிக் அமில மாத்திரையையும் இப்போதே தொடங்கலாம், கிளினிக்கில் கேட்டால் கொடுப்பார்கள். முன்பே ஒரு குழந்தை இருந்தால், பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது 2 ஆண்டு இடைவெளி விடும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயின் உடம்பில் இரும்புச் சத்தும் மற்ற சேமிப்பும் திரும்ப நிரம்புவதற்கு அவ்வளவு காலம் வேண்டும்.

12 வாரத்துக்குள் பெயர் பதியுங்கள்

நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் தெரிந்ததும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போங்கள். உள்ளே இருக்கும் தோட்டமென்றால் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் கிளினிக் டேசாவிலும் (கிராம கிளினிக்) தொடங்கலாம். ஐசி (அடையாள அட்டை), கல்யாணப் பத்திரம், பழைய மருத்துவக் கார்டு ஏதாவது இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள் கடப்பிதழையும் விசா தாளையும் எடுத்துப் போய், கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குப் பயந்து போகாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற பழக்கம் நம்மிடம் உண்டு. சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். கிளினிக் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) மட்டும் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் போவதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. கடைசி மாதவிலக்குத் தேதியையும் முதல் ஸ்கேனையும் வைத்துத்தான் கர்ப்பத்தின் வாரக் கணக்கை உறுதி செய்கிறார்கள். அது ஆரம்பத்தில் சரியாக விழாவிட்டால், ஏழாம் மாதத்தில் வயிறு சிறிதாகத் தெரியும்போது குழந்தை வளரவில்லையா, அல்லது வாரக் கணக்குத்தான் தப்பா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் வருகையில் உயரம், எடை, பிரஷர் பார்த்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்து, பிங்க் நிறப் புத்தகம் ஒன்றைக் கொடுப்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை அது உங்களோடே இருக்க வேண்டும். அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளம் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியின் வழக்கமான கவனிப்பு போதும். பச்சையில் கிளினிக் டாக்டரும், மஞ்சளில் நிபுணரும் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் அப்போதே ஆஸ்பத்திரி. மஞ்சள் ஒட்டிவிட்டார்களே என்று அழுதுகொண்டு வரும் பெண்கள் உண்டு. அழ வேண்டியதில்லை, உங்களைக் கூடுதலாகக் கவனிக்கப் போகிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

மிஸ்ஸி கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். முன்பு கரு கலைந்ததா, முந்தின பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா, எடை எவ்வளவு, உங்கள் அம்மாவுக்கு இனிப்பு நீர் உண்டா, காசநோய், வலிப்பு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். முந்தின குழந்தை எடை குறைவாகப் பிறந்திருந்தால் அடுத்ததுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் இவ்வளவு துருவுகிறார்கள். 20 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், 35ஐத் தாண்டியவர்கள், 145 சென்டிமீட்டருக்குக் குட்டையானவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோரையும் கூடுதலாகக் கவனிப்பார்கள். வயதையும் உயரத்தையும் மாற்ற முடியாது, அடிக்கடி பார்க்கத்தான் முடியும். மாமியார் பக்கத்தில் இருப்பதால் சொல்லத் தயக்கமாக இருந்தால், "தனியா பேசணும் மிஸ்ஸி" என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். வீட்டில் அடி உதை இருந்தால் அதையும் சொல்லலாம். அடிபடும் தாய்க்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரும் ஆபத்து கூடுதல். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

ரத்தம் கம்மி என்று சொன்னால்

இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் பெண்களிடம் அதிகம் காண்கிற குறை இதுதான், மாற்றக்கூடிய குறையும் இதுதான்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் (சுருக்கமாக எச்பி) 11க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தச் சோகை. குழந்தைக்கு ஆக்சிஜன் போவது தாயின் ரத்தம் வழியாகத்தான். அது நீர்த்துப்போனால் குழந்தையின் வளர்ச்சி தடைபடும், குறைப்பிரசவத்துக்கும் வழி திறக்கும். களைப்பு, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் எல்லாம் மசக்கையில் வருவதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உடம்பு சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு சோதனையிலும் "என் எச்பி எவ்வளவு?" என்று கேட்டு, எண்ணை ஞாபகத்தில் வையுங்கள்.

கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைப்பதால் ஹீமோகுளோபின் ஏறாது. வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தோ போட்டால் நன்றாக உடம்பில் சேரும். குமட்டினால் சாப்பாட்டோடு போடுங்கள், போடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ கூடச் சேர்த்தால் இன்னும் நல்லது. பாலோடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போட வேண்டாம், நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டுங்கள். அப்போதும் தாங்கவில்லை என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், வேறு வகை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் தே, அதாவது தேநீர். பசியாறும்போது ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று நம் ஊர்களில் நாள் முழுக்கத் தேதான். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேயிலை தடுத்துவிடும். தேயை விட மனசில்லை என்றால், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எண்ணிக்கையையும் குறையுங்கள், ஏனென்றால் காபி, தே மூலம் உள்ளே போகும் கஃபீனும் அளவு மீறினால் குழந்தையின் எடையைக் குறைக்கும்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் எச்பி ஏறவில்லையா? இரண்டு காரணங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று தலசீமியா. பரம்பரையாக வரும் இந்தக் கோளாறைச் சுமப்பவருக்கு ரத்தம் எப்போதும் கொஞ்சம் கம்மியாகவே இருக்கும். தனி ரத்தச் சோதனை வேண்டும், கணவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நோயாக வரலாம். இன்னொன்று கொக்கிப்புழு. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும்போது காலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். முதல் மூன்று மாதம் தாண்டிய பிறகு டாக்டர் பூச்சி மருந்து தரலாம். வீட்டுக் கொல்லைக்குப் போவதானாலும் செருப்புப் போடுங்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

சாதாரண எடையுள்ள பெண் கர்ப்ப காலம் முழுவதும் 11.5 முதல் 16 கிலோ வரை ஏற வேண்டும். மெலிந்தவர்கள் 12.5 முதல் 18 கிலோ. பருமனாகத் தொடங்கியவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். மிகவும் பருமனானவர்களுக்கு இன்னும் குறைவு. நான்காம் மாதத்துக்குப் பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வர வேண்டும். இரண்டு வருகைக்கு நடுவில் முள் நகரவே இல்லை என்றால் மிஸ்ஸி சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

வயிறு நிறையச் சோறும் ரசமும் சாப்பிட்டால் பசி அடங்கும், குழந்தை வளராது. புரதம் வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. முட்டை, பருப்பு, சோயாவில் செய்யும் தெம்பே, தவ்வு, நெத்திலி, கெம்போங் மீன், டின் சார்டின் எல்லாம் மளிகைக் கடையிலும் பசாரிலும் கிடைப்பவைதான். முருங்கைக்கீரை லயத்துக்குப் பின்னாலேயே நிற்கும். காலையில் வெறும் பீஸ்கட்டும் தேயும் வைத்து வேலைக்கு ஓடாமல், இரண்டு அவித்த முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மசக்கையில் வாந்தி இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு ஏழு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் கருத்துக் குறைந்துவிட்டது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்.

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசியில் சைவமாக இருப்பதில் தப்பில்லை, பருப்பும் பாலும் கொண்டைக்கடலையும் கூட்டிக்கொண்டால் போதும். கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடப்பதும், தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்கு வெயிலில் பால்குடம் எடுத்து நடப்பதும் இந்த வருடம் வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். வேண்டுதலைப் பிள்ளையோடு போய்த் தீர்த்துக்கொள்ளலாம்.

வேலைக்காட்டில் இருப்பவர்களுக்கு

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினாலும் சரி, பால்மரம் (ரப்பர்) வெட்டினாலும் சரி, ஆலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தாலும் சரி, கர்ப்பம் உறுதியானதும் மண்டோருக்கோ சூப்பர்வைசருக்கோ சொல்லிவிடுங்கள். பாரமான சாக்கைத் தூக்குவது, மணிக்கணக்காக நிற்பது, இரவு ஷிஃப்ட் எல்லாம் குறைப்பிரசவத்தோடும் எடைக் குறைவோடும் தொடர்புள்ளவை. லேசான வேலைக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் கடிதம் வாங்கலாம்.

களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடிக்கும் வேலை கூடவே கூடாது. உரம் கலக்குவதும் வேண்டாம். பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அது போனால் போதும் என்று இருந்துவிட முடியாது, வேறு மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. கணவர் மருந்து அடிப்பவராக இருந்தால் வீட்டுக்குள் வருமுன் குளித்து உடை மாற்றட்டும். அந்த உடுப்பை அவரே தனியாகத் துவைக்கட்டும். நீங்கள் தொட வேண்டாம்.

யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்காட்டில் கக்கூஸ் இல்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரை அடக்கி வைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வர இது நேர் வழி. கர்ப்பத்தில் அது எரிச்சலோ வலியோ இல்லாமலும் இருக்கும், சிறுநீரகம்வரை ஏறும், பிரசவ வலியை முன்கூட்டியே வரவைத்துவிடும். தண்ணீர் குடியுங்கள், போக வேண்டிய நேரத்தில் போங்கள், ஒவ்வொரு வருகையிலும் சிறுநீர்ச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே அதைத் தொடங்கலாம். ஒரே இடத்தில் 12 மாதம் வேலை பார்த்திருக்கும் கணவருக்கு 7 நாள் விடுப்பு உண்டு. கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. அப்படி நடந்தால் ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில் (தொழிலாளர் துறை) புகார் கொடுங்கள்.

புகை, சாராயம், வெற்றிலை

சிகரெட் பிடிக்கும் தாயின் குழந்தை சராசரியாக 200 கிராம் குறைவாகப் பிறக்கிறது. நம் பெண்களில் புகைப்பவர்கள் குறைவுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கணவரும் மாமனாரும் விடும் புகையும் குழந்தையைப் பாதிக்கிறது. வீட்டுக்குள் யாரும் பிடிக்கக் கூடாது, வேப்பும் (மின்சிகரெட்) அதே கணக்குதான். நிறுத்த விரும்பும் ஆண்களுக்கு அரசாங்க கிளினிக்குகளில் உதவி உண்டு. விறகு அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகையிலிருந்தும் தள்ளி இருங்கள். கள்ளு, சம்சு, பீர் ஒரு வாய்கூட வேண்டாம், கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வெற்றிலையைப் பாக்கோடும் புகையிலையோடும் போடும் பழக்கமும் எடைக் குறைவோடு தொடர்புள்ளது.

பிரஷர், இனிப்பு நீர், காய்ச்சல்

பிரஷர் 140/90ஐத் தொட்டால் கவனம் வேண்டும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சரியாக விரியாதபோது தாயின் பிரஷர் ஏறுகிறது, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. முன்பு பிரஷர் இருந்தவர்கள், இரட்டைக் குழந்தை உள்ளவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்குவது உண்டு. சீக்கிரம் பெயர் பதியச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். விடாத தலைவலி, கண் மங்குவது, நெஞ்சுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே போங்கள்.

கர்ப்பத்தில் வரும் இனிப்பு நீர் பெரும்பாலும் குழந்தையைப் பெரிதாக்கும். நீண்ட நாளாக இனிப்பு நீர் இருந்து ரத்தக் குழாய் கெட்டிருந்தால் குழந்தை சிறுத்துப்போகும். அதனால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு இருந்தால் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் டெங்கியா என்று பார்க்க வேண்டும். மனிதருக்கு மனிதர் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் இல்லை என்றாலும், குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா காட்டோரத் தோட்டங்களில் இன்னும் உண்டு. எந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

உள்ளே வளர்கிறதா என்று பார்ப்பது

ஆறாம் மாதத்திலிருந்து மிஸ்ஸி டேப்பை வைத்து வயிற்றை அளப்பார். சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 30 வாரத்தில் 26 சென்டிமீட்டர்தான் என்றால் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள், தள்ளிப்போடாமல் போய்விடுங்கள்.

அசைவை எண்ணுவது உங்கள் வேலை. 28 வாரம் வாக்கில் இதற்கு ஓர் அட்டவணை கொடுப்பார்கள். காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கி, இரவு 9 மணிக்குள் 10 அசைவு வர வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மதியத்துக்குள்ளேயே வந்துவிடும். வராவிட்டாலும், வழக்கத்தைவிடக் குறைந்ததாக மனசுக்குப் பட்டாலும், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர் உடைவது, ரத்தம் படுவது, 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு இடுப்பு வலி வருவது, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

குறைமாதத்தில் வலி வந்தால் நேரம் போகப் போக ஒரு வாய்ப்பும் போய்விடும். பிறக்கும் முன்பே தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும், ஆனால் வேலை செய்ய அதற்கு ஒரு நாளாவது வேண்டும். சுங்கை சிப்புட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தாலும், குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் நிபுணர்கள் ஈப்போ பைனுன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள். அதனால் ஏழாம் மாத வளைகாப்புக்கு முன்பே, ராத்திரியில் யாருடைய கார், அவர் இல்லாவிட்டால் யார், வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசி முடித்து, பை ஒன்றைக் கட்டி வையுங்கள். கார் கிடைக்காவிட்டால் 999.

குழந்தை சிறிதாகவே பிறந்துவிட்டால்

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிறிதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்தத் தாயிடம் "நீ சரியா சாப்பிடல" என்று யாரும் சொல்லக் கூடாது.

குழந்தையின் உடம்பு சீராக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், துணியில்லாமல் உங்கள் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் இதைச் செய்யலாம். சூடு நிற்கும், மூச்சு சீராகும், பாலும் நன்றாகச் சுரக்கும். சீம்பாலை வீணாக்காதீர்கள். இழுத்துக் குடிக்க முடியாவிட்டால் பீய்ச்சிச் சின்னக் கோப்பையிலோ குழாய் வழியாகவோ கொடுக்க மிஸ்ஸி கற்றுத்தருவார். குளிப்பாட்டவும் சாம்பிராணி போடவும் அவசரம் வேண்டாம், புகை இந்த நுரையீரலுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்த பிறகு மிஸ்ஸி வந்து பார்ப்பார். எடை பார்க்கும் தேதிகளையும் தடுப்பூசித் தேதிகளையும் தவறவிடாதீர்கள்.

கிளினிக்கில் உங்களுடைய எச்பியை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை எத்தனை மாதம் தொடர வேண்டும் என்றும், அடுத்த பிள்ளைக்கு 2 ஆண்டு தள்ளிப்போட என்ன முறை உங்களுக்கு ஒத்துவரும் என்றும் அதே வருகையில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.